உலைக்குத் தெரியும் நொடி, டேட்டாபேஸுக்குத் தெரியுமா?

ஆரணி, பெரியபாளையம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று அந்த வட்டாரத்துக் கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன். எல்லாமே சென்சார் அளவுகளைச் சேர்த்துவைப்பது பற்றியவை. (பட்டு நெய்யும் ஆரணி வேறு. இது திருவள்ளூர் மாவட்டத்து ஆற்றங்கரை ஆரணி.)

கே: எங்கள் உருக்காலையில் 200 சென்சார். நொடிக்கு ஒரு அளவு. டைம்ஸ்கேல்டிபி, இன்ஃப்ளக்ஸ்டிபி, கிளிக்ஹவுஸ், இந்த மூன்றில் எது வேகம்?
– மெயின்டனன்ஸ் பொறியாளர், கும்மிடிப்பூண்டி சிப்காட்

ப: எழுதும் வேகத்தைக் கேட்டால் மூன்றுமே உங்கள் தேவைக்கு மேல். நல்ல சர்வரில் நொடிக்கு லட்சக்கணக்கான வரிகளை வாங்கக்கூடியவை இவை. உங்கள் 200 இவற்றுக்கு ஒரு சுமையே இல்லை. ஆனால் அந்த 200 ஒரு நாளில் 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் ஆகிறது. வருஷத்தில் 630 கோடி. எழுதுவதில் வராத கஷ்டம் படிப்பதில் வரும்.

ஆகவே முதலில் உங்கள் கேள்விகளை எழுதிவையுங்கள். உலையின் இப்போதைய வெப்பம் என்ன? போன வாரம் மூன்றாம் பம்பின் அதிர்வு எப்படி ஏறியது? ஒரு வருஷத்துக்கு மொத்த ஆலையின் மின்செலவு மாதவாரியாக எவ்வளவு? எந்த ஹீட்டில் (ஒருமுறை உருக்கி ஊற்றும் சுற்றில்) யூனிட் அதிகம் போனது, அன்று என்ன ஸ்கிராப் போட்டார்கள்? முதல் இரண்டையும் மூன்றுமே நன்றாகச் செய்யும். மூன்றாவதில், கோடிக்கணக்கான வரிகளை அள்ளிக் கூட்டுவதில், கிளிக்ஹவுஸ் முந்தும். காசை மிச்சம்பிடித்துத் தருவது நான்காவது கேள்விதான். அதற்குச் சென்சார் அளவும் ஹீட் பதிவேடும் ஸ்கிராப் கணக்கும் ஒரே இடத்தில் சேர வேண்டும். டைம்ஸ்கேல்டிபி என்பது போஸ்ட்கிரஸின் மேல் உட்காரும் நீட்சி என்பதால் அந்தச் சேர்க்கை அங்கே இயல்பாக நடக்கும். உங்கள் அளவு ஆலைக்கு என் ஓட்டு அதற்கே.

கே: ஒவ்வொரு அளவையும் ஒரு வரியாகச் சாதாரண போஸ்ட்கிரஸில்தான் போடுகிறோம். முதல் மாதம் பறந்தது. இப்போது ஒரு சென்சாரின் ஒரு வாரக் கிராஃப் வருவதற்குள் டீ ஆறிவிடுகிறது. இண்டெக்ஸ் போட்டும் பயனில்லை. ஏன்?
– ஆட்டோமேஷன் டெக்னீஷியன், தேர்வாய்கண்டிகை

ப: இதுதான் இந்த விஷயத்தின் வேர், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் வீட்டு மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். வந்தவர்கள் வந்த வரிசையில் எழுதியிருக்கும். ஒரே மாமா நம் எல்லா விசேஷத்துக்கும் என்ன செய்தார் என்று பார்க்க எல்லா நோட்டையும் புரட்ட வேண்டும். எந்தப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது என்று ஒரு பட்டியல் கையில் இருந்தாலும், பக்கத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும். இண்டெக்ஸ் என்பது அந்தப் பட்டியல்.

இப்போது கணக்கு. போஸ்ட்கிரஸ் வட்டில் 8 கேபி பக்கங்களாக எழுதும். நேரம், சென்சார் எண், அளவு என்ற மூன்றையும் கொண்ட ஒரு வரிக்கு, தலைப்புச் செலவெல்லாம் சேர்த்து 52 பைட் போகும். அப்படியானால் ஒரு பக்கத்துக்கு 157 வரி. உங்களிடமும் 200 சென்சார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நொடியின் அளவுகளுக்கே ஒரு பக்கம் போதாது. நீங்கள் தேடும் சென்சாரின் வரி ஒரு பக்கத்தில் அதிகபட்சம் ஒன்றுதான் இருக்கும். ஒரு வாரத்துக்கு 6,04,800 அளவுகள், அதாவது 6,04,800 தனித்தனிப் பக்கங்கள். ஏறக்குறைய 5 ஜிபி படிக்க வேண்டும். அத்தனையிலும் நமக்கு வேண்டிய உண்மையான விஷயம் 10 எம்பி கூட இல்லை! முதல் மாதம் இவ்வளவும் மெமரியிலேயே கிடந்தது, பறந்தது. மெமரியைத் தாண்டிய நாளிலிருந்து வட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது.

காலத்தொடருக்கென்றே வந்த தரவுத்தளங்கள் செய்கிற பெரிய உதவி, ஒரே சென்சாரின் அளவுகளை அடுத்தடுத்து அடுக்குவதுதான். டைம்ஸ்கேல்டிபியில் சுருக்கத்தை இயக்கி, சென்சார்வாரியாகப் பிரி என்று சொன்னால், ஒரு சென்சாரின் 1000 அளவுகள் வரை ஒரே கட்டாகக் கட்டும். உங்கள் ஒரு வாரம் 605 கட்டுகளில் அடங்கிவிடும். கிளிக்ஹவுஸில் அட்டவணையைச் சென்சார், நேரம் என்ற வரிசையில் அமைத்தால், இயல்பாக 8192 வரிகளுக்கு ஒரு குறியீடு. 75 துண்டு படித்தால் வேலை முடிந்தது. இன்ஃப்ளக்ஸின் பழைய பதிப்புகளும் தொடருக்குத் தொடர் தனித்தனியே அடுக்குபவைதான்.

எதையும் மாற்ற மேனேஜ்மென்ட் விடாது என்றால், நாளுக்கொரு பார்டிஷன் போடுங்கள். முடிந்த நாளின் பார்டிஷனை இரவில் கிளஸ்டர் கட்டளையால் சென்சார்வாரியாக அடுக்குங்கள். அது ஓடும்போது அந்தப் பார்டிஷன் பூட்டிக்கொள்ளும். பழைய நாள்தானே, பாதகமில்லை. டீ சூடாகவே குடிக்கலாம்.

கே: எக்செல் போதாதா, சார்?
– கணக்குப் பிரிவு, புதுவாயல்

ப: ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரி. ஒரே ஒரு சென்சார், நொடிக்கு ஒன்று, நள்ளிரவில் தொடங்குங்கள். 13ஆம் நாள் அதிகாலை மூன்றேகாலுக்கு ஷீட் நிரம்பிவிடும்.

கே: எனர்ஜி மீட்டர் ஒவ்வொன்றும் 25 அளவு தருகிறது. வோல்டேஜ், கரண்ட், பவர் ஃபேக்டர் எல்லாம். 25 வரியா, ஒரே வரியில் 25 நெடுவரிசையா?
– பேனல் போர்டு செய்பவர், பஞ்செட்டி

ப: ஒரே நேரத்தில் ஒன்றாகவே படிக்கிறீர்கள் என்றால் ஒரே வரி. போஸ்ட்கிரஸில் 25 வரிக்கு 1300 பைட் ஆகும். அதையே ஒரு வரியாகப் போட்டால் 244 பைட். நேரத்தையும் தலைப்பையும் 25 முறை எழுதாமல் ஒருமுறை எழுதுகிறோம், அவ்வளவுதான். மீட்டருக்கு மீட்டர் அளவுகள் வேறுபட்டு, நாளைக்குப் புதிது புதிதாகச் சேரும் என்றால் மட்டும் தனித்தனி வரிக்குப் போங்கள். தரவுத்தளத்தை மாற்றிக் கிடைக்கும் லாபத்தைவிட இந்த ஒரு முடிவில் பல ஆலைகளுக்கு லாபம் அதிகம்.

கே: 16 பைட் அளவை ஒன்றரை பைட்டுக்குள் அடக்கலாம் என்று பாடத்தில் வருகிறது. நம்ப முடியவில்லை!
– பொறியியல் மாணவி, கவரைப்பேட்டை

ப: நம்பலாம் அம்மா. ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2015இல் வெளியிட்ட கொரில்லா என்ற ஆய்வுக் கட்டுரையில் சொன்ன சராசரி 1.37 பைட். யோசனை அழகானது. அளவுகள் சீரான இடைவெளியில் வந்தால் நேரத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவானேன்? இடைவெளி எவ்வளவு மாறியது என்பதை மட்டும் எழுது. மாறவேயில்லை என்றால் ஒரே ஒரு பிட் போதும். அவர்கள் பார்த்த நேரக் குறிகளில் 96 விழுக்காடு அந்த ஒரு பிட்டிலேயே அடங்கிவிட்டன. அளவுக்கும் அதே வழி. முந்தைய எண்ணையும் இந்த எண்ணையும் பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறுபடும் பகுதியை மட்டும் வை.

ஆனால் அவர்கள் அளந்தது சர்வர்களை. நம்மூர் உலை அப்படி நிற்காது. ஒரு தெர்மோகப்பிள் 847.3169 என்று காட்டும், அடுத்த நொடி 847.2984 என்று காட்டும். கடைசி இலக்கங்கள் வெறும் இரைச்சல், இரைச்சலைச் சுருக்க எந்தக் கணிதத்தாலும் முடியாது. கே வகைத் தெர்மோகப்பிளில் இரண்டாம் வகுப்புக்கு அனுமதித்த பிழையே குறைந்தது 2.5 டிகிரி. அப்படியிருக்க நான்கு தசம இலக்கம் எதற்கு? பத்தால் பெருக்கி 8473 என்று முழு எண்ணாக வைத்துப் பாருங்கள். உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு இதையே தலைப்பாக எடுக்கலாம்: ஒரே தரவு, தசமத்தோடும் முழு எண்ணாகவும், மூன்று தரவுத்தளங்களில் வட்டில் எவ்வளவு இடம். விடை உங்களை ஆச்சரியப்படுத்தும்.

கே: ஒவ்வொரு ஹீட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. அதை இன்ஃப்ளக்ஸில் டேக்காகப் போட்டோம். சில மாதத்தில் சர்வர் மூச்சுத் திணறுகிறது.
– டிஎம்டி கம்பி ஆலையின் ஐடி ஆள், கும்மிடிப்பூண்டி

ப: டேக் மாறினால் இன்ஃப்ளக்ஸுக்கு அது புதுத் தொடர். நாளுக்கு 20 ஹீட், 200 சென்சார் என்றால் நாளுக்கு 4000 புதுத் தொடர்கள். 300 வேலைநாளில் 12 லட்சம். பழைய 1.x வரிசையில் அந்தப் பட்டியல் இயல்பாக மெமரியில்தான் கிடக்கும், அதுதான் திணறல். ரஸ்ட் மொழியில், பார்கே கோப்புகளின் மேல் புதிதாக எழுதப்பட்ட 3ஆம் பதிப்பின் முக்கிய நோக்கங்களில் ஒன்றே இதைத் தீர்ப்பது. நீங்கள் பதிப்பு மாற்றும்வரை காத்திருக்க வேண்டாம். ஹீட் நம்பர், உலை எண், தொடங்கிய நேரம், ஊற்றிய நேரம் என்று தனியாக ஒரு சின்ன அட்டவணை வையுங்கள். நேரத்தை வைத்தே ஹீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். சென்சாருக்கு ஹீட் நம்பர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

கே: ஒரு நிறுவனம் மற்றதைவிடப் பத்து மடங்கு வேகம் என்கிறது. மற்றது அதையே திருப்பிச் சொல்கிறது. யாரை நம்புவது?
– மென்பொருள் ஒப்பந்ததாரர், பொன்னேரி

ப: இரண்டையும் நம்பலாம், அவரவர் கேட்ட கேள்விக்கு மட்டும். இந்தத் துறையில் அதிகம் புழங்கும் அளவுகோல் டிஎஸ்பிஎஸ். இன்ஃப்ளக்ஸ் நிறுவனத்தின் ஒப்பீட்டுக் கருவியிலிருந்து கிளைத்து, டைம்ஸ்கேல் நிறுவனம் வளர்த்து, 2018இல் வெளியிட்டது. திறந்த மூலம், நல்ல கருவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதிலிருப்பது சர்வர்களின் சிபியு அளவுகளும் ஒரு லாரிக் கம்பெனியின் வண்டிகளும். உங்கள் வாடிக்கையாளரின் உலை அதில் இல்லை.

எழுதும் வேகத்தை ஒப்பிடும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். போஸ்ட்கிரஸ் இயல்பு நிலையில், எழுதியது வட்டில் பத்திரமாக இறங்கிய பிறகே 'ஆயிற்று' என்று சொல்லும். கிளிக்ஹவுஸ் இயல்பு நிலையில் அப்படிக் காத்திருப்பதில்லை. இரண்டும் வெவ்வேறு வாக்குறுதிகள். ஒரே அட்டவணையில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் படிப்பவருக்கு அது தெரியாது. கரண்ட் போகும் ஊரில் அந்த வித்தியாசத்துக்கு விலை உண்டு.

சோதனையை நீங்களே செய்யுங்கள். வாடிக்கையாளரின் உண்மையான தரவு மூன்று மாதத்துக்குக் கேட்டு வாங்குங்கள். மெமரியைவிடப் பெரிதாக நிரப்புங்கள். சர்வரை மறுதொடக்கம் செய்து, மெமரி வெறுமையாக இருக்கும்போது முதல் கேள்வியைக் கேளுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே படியுங்கள். சராசரி நேரத்தைக் குறிக்காதீர்கள், நூற்றில் மிக மெதுவான ஐந்து எவ்வளவு எடுத்தன என்று குறியுங்கள். கடைசியாக, நடுவில் ப்ளக்கைப் பிடுங்குங்கள்! மறுபடி எழுந்ததும் எத்தனை நொடித் தரவு காணோம் என்று எண்ணுங்கள். இந்தக் கடைசிச் சோதனையைச் செய்து காட்டுகிற ஒப்பந்ததாரரை நான் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொள்வேன்.

இன்னொன்று. கிளிக்ஹவுஸுக்கு நொடிக்கொரு சின்ன இன்செர்ட் அனுப்பாதீர்கள். ஒவ்வொன்றும் வட்டில் தனித் துண்டாகிறது. பிறகு துண்டுகளைச் சேர்ப்பதே அதன் முழுநேர வேலையாகிவிடும். ஆயிரக்கணக்கில் சேர்த்து ஒரே வீச்சில் அனுப்புங்கள்.

கே: புரோமிதியஸ் இலவசம்தானே, மின்கட்டணக் கணக்குக்கு அதையே வைத்துக்கொள்ளலாமா?
– யூடிலிட்டி பொறுப்பாளர், மீஞ்சூர்

ப: வேண்டாம். நூற்றுக்கு நூறு துல்லியம் வேண்டிய பில்லிங் வேலைக்குத் தான் பொருத்தமில்லை என்று அதன் ஆவணமே சொல்கிறது. இயல்பாக 15 நாள்தான் சேர்த்துவைக்கும். சர்வர்களைக் கண்காணிக்க அது தங்கம்.

கே: பழைய தரவை அழிக்க இரவெல்லாம் டெலீட் ஓடுகிறது. காலையில் பார்த்தால் டிஸ்கில் இடம் கூடவேயில்லை.
– சிஸ்டம் அட்மின், கும்மிடிப்பூண்டி

ப: போஸ்ட்கிரஸில் டெலீட் செய்த வரி அழிந்ததாகக் குறிக்கப்படுகிறது, இடம் வட்டுக்குத் திரும்புவதில்லை. காலவாரியாகப் பிரித்து வைத்திருந்தால் ஒரு துண்டை அப்படியே டிராப் செய்யலாம். சில நொடியில் முடியும், இடமும் கிடைக்கும். டைம்ஸ்கேல்டிபி தானாகவே 7 நாளுக்கொரு துண்டாகப் பிரிக்கும்.

கே: முதல் ஷிஃப்ட் காலை 6 மணிக்கு. மணிவாரி ரிப்போர்ட்டில் மூன்றாம் ஷிஃப்டின் உற்பத்தி கொஞ்சம் எங்கள் கணக்கில் வருகிறது. தகராறாகிறது.
– ஷிஃப்ட் சூப்பர்வைசர், எளாவூர்

ப: தகராறு உங்கள் இரண்டு ஷிஃப்டுக்கும் நடுவில் இல்லை, கிரீன்விச்சுக்கும் நமக்கும் நடுவில். தரவுத்தளத்தில் நேரம் உலக நேரத்தில் இருக்கும், அது சரியான வழக்கமும்கூட. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அந்த அரை மணிதான் படுத்துகிறது. உலக நேரப்படி முழு மணிக்கு முழு மணி கூட்டினால், நம் கடிகாரத்தில் அது 5.30இலிருந்து 6.30 வரை. ஷிஃப்ட் மாறும் 6 மணி நட்டநடுவில் விழுகிறது. நாள் கணக்கும் அப்படியே. உலக நாள் நமக்குக் காலை 5.30க்குத்தான் பிறக்கும்.

தீர்வு சுலபம். கூட்டும்போது ஆசியா/கொல்கத்தா நேர மண்டலத்தைச் சொல்லிக் கூட்டச் சொல்லுங்கள். அல்லது சேமிக்கும் கூட்டல்களை மணிக்குப் பதில் 15 நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை மணி அதில் மீதியின்றி வகுபடும், 6 மணி சரியாக ஒரு எல்லையில் வந்து நிற்கும். இதை உங்கள் ஐடி ஆளிடம் காட்டுங்கள், மூன்றாம் ஷிஃப்ட்காரரிடமும் காட்டுங்கள். பாவம், அவர் உழைப்பு அவர் கணக்கில் ஏறட்டும்.

கே: என் பையனுக்கு வீசிங். ராத்திரி இரண்டு மணிக்குப் புகை நாற்றத்தில் எழுந்து ஜன்னலைச் சாத்துகிறோம். காலையில் போனில் பார்த்தால் காற்று 'பரவாயில்லை' என்று வருகிறது. மிஷின் பொய் சொல்லுமா?
– ஒரு தாய், கும்மிடிப்பூண்டி

ப: மிஷின் பொய் சொல்லவில்லை அம்மா, உங்கள் மூக்கும் பொய் சொல்லவில்லை. நடுவில் இருப்பது சராசரி. கும்மிடிப்பூண்டி அந்தோணிப்பிள்ளை நகரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் காற்றுத்தர நிலையம் இருக்கிறது. அதன் அளவுகள் மத்திய வாரியத்தின் தளத்தில் வருகின்றன. ஆனால் காற்றுத்தரக் குறியீடு என்று போனில் வரும் எண், நுண்துகளைப் பொறுத்தவரை 24 மணி நேரச் சராசரியிலிருந்து வருவது. ஓர் உதாரணக் கணக்கு பாருங்கள். 22 மணி நேரம் நுண்துகள் (பிஎம் 2.5) அளவு 40. இரவில் இரண்டு மணி நேரம் மட்டும் 250. சராசரி போட்டால் 57.5. நாட்டின் 24 மணி நேர வரம்பு 60. தேர்ச்சி! உங்கள் பையன் மூச்சுக்குத் தவித்த இரண்டு மணி நேரம் அந்த எண்ணுக்குள் கரைந்துவிட்டது.

அதனால் குறியீட்டை விட்டுவிட்டு, அதே தளத்தில் மணிவாரி அளவையும் 15 நிமிட அளவையும் பாருங்கள். நாற்றம் வந்த தேதியையும் மணியையும் ஒரு நோட்டில் குறித்துவைத்து, அந்த அளவுகளோடு சேர்த்து வாரியத்தில் புகார் கொடுங்கள். நிலையம் இருக்கும் திசையும் காற்றடிக்கும் திசையும் வேறாக இருந்தால் அங்கே பதிவாகாமலும் போகலாம். அப்போதும் உங்கள் நோட்டு ஒரு சாட்சி.

இதை ஆலைகளில் தரவுத்தளம் கட்டுபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அதிக மாசு தரும் 17 வகைத் தொழில்கள் ஆன்லைன் கண்காணிப்புக் கருவி வைக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட கருவிகளின் நொடி அளவுகளை 15 நிமிடமாகச் சுருக்கும்போது 900 எண்கள் ஒன்றாகின்றன. சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு நொடி அளவைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த 15 நிமிடத்தின் உச்சம், தாழ்வு, எத்தனை அளவு வந்தது என்ற எண்ணிக்கை ஆகிய மூன்றையும் உடன் வையுங்கள். 900க்கு 300தான் வந்தது என்றால் மீதி நேரம் கருவி என்ன செய்தது என்று கேட்க அந்த எண்ணிக்கை வேண்டும். என்ன செலவாகும்? 200 சென்சாருக்கு வருஷத்தில் 70 லட்சம் வரி, மூன்று கூடுதல் நெடுவரிசை, மொத்தம் 168 எம்பி. ஒரு பென் டிரைவின் மூலையில் அடங்கும். வேக ஒப்பீட்டுக்கு வாரக்கணக்கில் மண்டையை உடைக்கிற நாம் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்காமல் இருப்பது நியாயமில்லை.

கே: ஆரணி ஆற்றில் நீர்மட்டம் அளக்க எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒரு சென்சார் செய்திருக்கிறார்கள். 15 நிமிடத்துக்கு ஓர் அளவு. எந்த டேட்டாபேஸ் வாங்கலாம்?
– ஆசிரியர், ஆரணி

ப: வாங்கவே வேண்டாம். எஸ்கியூலைட் போதும், ஒரே ஒரு கோப்பு. வருஷத்துக்கு 35,040 வரி. பிள்ளைகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் வரைக்கும் அது வேகம் குறையாது. மிச்சமாகும் காசைச் சோலார் தகட்டிலும் பேட்டரியிலும், தண்ணீர் நுழையாத பெட்டியிலும் போடுங்கள். பாலத்துத் தூணில் ஓர் அளவுகோல் வரைந்து, வாரம் ஒருமுறை ஒரு பிள்ளை கண்ணால் பார்த்து எழுதட்டும். சென்சார் நகர்ந்துவிட்டால் அது ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

அளக்கும் இடைவெளியை மட்டும் மாற்றச் சொல்வேன். உங்கள் ஆறு ஆந்திரத்துப் பிச்சாட்டூர் அணையிலிருந்து சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியாக வந்து, பொன்னேரி தாண்டிப் பழவேற்காட்டில் சேர்வது. அங்கே மதகு திறந்த அன்று 15 நிமிடம் என்பது நீண்ட நேரம். மட்டம் ஒரு குறியைத் தாண்டினால் நிமிடத்துக்கு ஒன்றாக அளக்கும்படி நிரலில் நாலு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மட்டம் இறங்கியதும் பழையபடி 15 நிமிடம், அப்போதுதான் பேட்டரி தாங்கும். நிமிடத்துக்கொன்றாக ஒரு வாரம் ஓடினாலும் 10,080 வரிதான்.